முதியவர்களுக்கு அரசுப் பணத்தில் ஒரு வேளைச் சாப்பாடு: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவில் ஒரு கோவில் சமையலறையில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போய்வருகிறேன். தனியாக வாழும் பெரியவர்களின் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதனாலேயே கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. பாதி, வயதான அப்பா அம்மாவுக்காகப் பிள்ளைகள் கேட்பவை. மீதி, இதே வேலையைத் தங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தொடங்க நினைக்கும் சங்கங்களும் கோவில் நிர்வாகங்களும் கேட்பவை. இரு தரப்புக்கும் உதவட்டும் என்று பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

வயதானவர்களுக்குச் சாப்பாடு போடும் அரசுத் திட்டம் மலேசியாவில் இருக்கிறதா?

சமைத்த சாப்பாடு தினமும் வீடு தேடி வரும், அதற்கு அரசு பணம் கட்டும் என்று சட்டத்தில் எழுதிய திட்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே முதியோருக்கான சட்டம் 1965இல் வந்தது. 1972இல் அதில் உணவுத் திட்டத்தையும் சேர்த்து, மையத்துக்கு வந்து சாப்பிடுபவர்களுக்கு மத்திய அரசே நிதி ஒதுக்கத் தொடங்கியது. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு 1978இல் தனி நிதி வந்தது.

நம் நாட்டில் உதவி துண்டு துண்டாக இருக்கிறது. சமூகநல இலாகா மாதப் பணம் கொடுக்கிறது. நிதியமைச்சு ரொக்கமும் மளிகைக்கான தொகையும் கொடுக்கிறது. ஆதரவே இல்லாதவர்களுக்கு ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் உள்ளன, அங்கே தங்குபவர்களுக்குச் சாப்பாடும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் விட்டுப்போனவர், தன் வீட்டிலேயே தனியாக இருந்துகொண்டு அடுப்பு மூட்டத் தெம்பில்லாமல் இருக்கும் பெரியவர். நாங்கள் பொட்டலம் கொண்டுபோகும் வீடுகளில் பெரும்பாலும் இவரைத்தான் பார்க்கிறோம்.

சமூகநல இலாகா மாதம் எவ்வளவு கொடுக்கிறது? யாருக்குக் கிடைக்கும்?

பந்துவான் வார்கா எமாஸ் என்ற மூத்தோர் உதவித்தொகை அது. 350 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தது, 2021இல் 500 ஆனது, 2025 பட்ஜெட்டில் 600 ஆனது. 60 வயது நிறைந்த குடிமகனாக இருக்கவேண்டும். சொந்த வருமானம் இல்லாதவராகவோ, பிழைப்புக்குப் போதாத வருமானம் உள்ளவராகவோ இருக்கவேண்டும். தாங்கும் வசதியுள்ள குடும்பம் இல்லாதவராக இருக்கவேண்டும். இல்லத்தில் தங்கியிருப்பவருக்குக் கிடையாது.

600 வெள்ளியை நாள்கணக்காக்கினால் 20 வெள்ளி. வாடகை, தண்ணீர், மின்சாரம், மருத்துவமனைக்குப் போகும் கிராப் கார் எல்லாம் அதிலிருந்துதான். சோறு, ஒரு மீன், ஒரு காய் என்று கடையில் தாப்பாவ் (பொட்டலம்) வாங்கினால் இன்று 8 வெள்ளிக்குக் குறைவாகக் கிடைப்பது கஷ்டம். அதனால் ஒரு வேளை வாங்கி இரண்டு வேளைக்குப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். இன்னும் சிலர் மைலோவும் கிரீம் கிராக்கரும் வைத்தே இரவை ஓட்டிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடுமா?

இருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் தள்ளமாட்டார்கள். பிள்ளைகளால் தாங்க முடியுமா, உண்மையிலேயே தாங்குகிறார்களா என்று விசாரிப்பார்கள். மகன் லாரி ஓட்டி, வாடகை வீட்டில் மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு திணறுகிறார் என்றால் அவருடைய சம்பளச் சீட்டையும் வாடகை ரசீதையும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

இந்த இடத்தில் நம் பெரியவர்களின் சுபாவத்தையும் சொல்லியாகவேண்டும். அதிகாரி வீட்டுக்கு வந்து, “ஆனாக் தொலோங் தாக்?” (பிள்ளைகள் உதவுகிறார்களா?) என்று கேட்கிறார். பாட்டிக்கு மகனைப் பற்றி வெளி ஆளிடம் குறை சொல்ல மனம் வருவதில்லை. “பையன் நல்லா பாத்துக்கிறான் சார்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு போகிறார். அடுப்படியில் அரைக் கிலோ அரிசியும் ஒரு சார்டின் டின்னும்தான் இருந்திருக்கும். ஆகவே அதிகாரி வரும் நாளில் விவரம் தெரிந்த உறவினரோ பக்கத்து வீட்டுக்காரரோ கூட இருப்பது நல்லது. மகனைத் திட்டவேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும். “மகன் அன்பானவன், ஆனால் அவனால் முடியவில்லை” என்பதில் யாருக்கும் அவமானமில்லை.

விண்ணப்பிக்கப் போகும்போது என்னென்ன எடுத்துப் போகவேண்டும்?

அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், தண்ணீர் அல்லது மின்சார பில், துணைவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் வருமான விவரம், நோய் இருந்தால் மருத்துவமனைக் கடிதம். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் சமூகநல அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் எல்லாம் வடகிழக்கு மாவட்டம். பாயான் லெப்பாஸ், பாலிக் பூலாவ் தென்மேற்கு. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் பக்கம் என்றால் செபராங் பிறையின் வட, மத்திய, தென் மாவட்டங்கள். இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம்.

அம்மாவுக்குச் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை). அவருக்கு ஏதாவது கிடைக்குமா?

மேலே சொன்ன மாதப் பணம் குடிமக்களுக்கு மட்டும்தான். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே பால்மரம் சீவி, பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் எழுபது வயதிலும் நிரந்தரவாசியாகவே இருக்கும் பாட்டிகள் நம்மிடையே இருக்கிறார்கள். 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்க 2018இல் அமைச்சரவை முடிவெடுத்தது. அந்தச் சுற்றில் விட்டுப்போனவர்கள் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பத்தை விடாமல் தொடரவேண்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் சொன்னால் படிவம் நிரப்ப உதவுவார்கள். அதுவரை இவர்களுக்குக் கோவிலும் குருத்வாராவும் தொண்டு அமைப்புகளும்தான் கதி. அங்கே யாரும் ஐசியின் நிறத்தைக் கேட்பதில்லை.

சாரா பணத்தில் சமைத்த சாப்பாடு வாங்கலாமா?

முடியாது. சாரா என்பது மளிகைக்காக அரசு கொடுக்கும் தொகை, அது மைகாட் அடையாள அட்டையில் ஏறும். பதிவுபெற்ற கடைகளில் அரிசி, முட்டை, எண்ணெய், மாவு, பிஸ்கட், டின் உணவு, மருந்து, சோப்பு போன்ற அடிப்படைப் பொருள்களை மட்டும் வாங்கலாம். மாதத் தொகை குடும்ப நிலையைப் பொறுத்து மாறும். அதற்கு மேல், 2025 ஆகஸ்ட் 31 முதல் அந்த ஆண்டு முடியும்வரை செலவழிக்க, 18 வயது நிறைந்த குடிமக்கள் எல்லாருக்கும் ஒருமுறை 100 வெள்ளி கிடைத்தது. நிதியமைச்சின் எஸ்டிஆர் ரொக்க உதவி வேறு. துணையில்லாமல் இருக்கும் மூத்தவர்களுக்கு 2025இல் அது 600 வெள்ளி, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து.

சாரா நல்ல திட்டம்தான். பணம் சாமானாகவே வருவதால் வேறு கைக்குப் போவது குறைகிறது. ஆனால் அது சமைக்கத் தெம்பு உள்ளவருக்கான உதவி. கை நடுங்கும் எண்பது வயதுக்காரருக்குப் பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் கொடுத்தால் அதை லிஃப்ட் வேலை செய்யாத ஃபிளாட்டில் நாலாவது மாடிக்கு யார் தூக்குவது? நான் பார்த்த ஒரு வீட்டில், பிரிக்காத அரிசி மூட்டை மேசைக்கு அடியில் இருந்தது, மேசைமேல் பன்.

மெனு ரஹ்மா இருக்கிறதே, போதாதா?

2023 ஜனவரி இறுதியில், உள்நாட்டு வாணிப அமைச்சராக இருந்த மறைந்த டத்தோஸ்ரீ சலாஹுடின் ஆயூப் தொடங்கிவைத்தது அது. ஒரு வேளைச் சாப்பாடு 5 வெள்ளி. கடைக்காரர்கள் தாங்களாக முன்வந்து சேர்ந்தார்கள், அரசு மானியம் இல்லாமலே தொடங்கியது. அந்த மனசைப் பாராட்டவேண்டும். ஆனால் கடைக்காரரின் லாபத்திலிருந்து நடக்கும் திட்டத்தை நாளைக்கும் இருக்கும் என்று நம்பி ஒரு முதியவர் இருக்க முடியாது. அதோடு, கடைவரை நடந்துபோக வேண்டுமே.

பாவே மையங்களில் மதியச் சாப்பாடு உண்டா?

பாவே என்பது சமூகநல இலாகாவின் ஆதரவில் நடக்கும் மூத்தோர் நடவடிக்கை மையம். 60 வயது நிறைந்தவர்கள் பகலில் போய் உடற்பயிற்சி, கைவினை, பாட்டு, பேச்சு என்று பொழுதைக் கழிக்கலாம். உள்ளூர்க் குழுதான் நடத்தும். தேநீரும் பலகாரமும் சில இடங்களில் உண்டு, தினமும் முழுச் சாப்பாடு என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால், புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிட இந்த மையங்களில் ஒரு மதிய உணவைச் சேர்ப்பதுதான் எளிது. கட்டடம், நாற்காலி, பொறுப்பாளர் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் தனிமையும் குறையும்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு?

‘பந்து டி ரூமா’ என்ற வீட்டு உதவிச் சேவையைக் கேளுங்கள். இலாகாவில் பதிந்த தொண்டர்கள் வீட்டுக்கு வந்து பேசுவார்கள், சின்ன வேலைகளில் உதவுவார்கள், மருந்து சாப்பிட்டாரா என்று பார்ப்பார்கள். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குத் தனி உதவித்தொகையும் உண்டு. அதற்கு அரசு மருத்துவரின் உறுதிப்படுத்தல் தேவைப்படும்.

பினாங்கு மாநில அரசு தருவது என்ன?

ஐ-செஜாத்ரா திட்டத்தின் கீழ் மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தொகை வருகிறது. ஆரம்பத்தில் அது 100 வெள்ளி. பினாங்கில் வாக்காளராகப் பதிந்திருக்கவேண்டும். கெடாவிலோ பேராக்கிலோ வாக்கை வைத்துக்கொண்டு மகளோடு இங்கே வந்து தங்கியிருக்கும் பெரியவர்கள் இதில் விட்டுப்போகிறார்கள், முகவரியை மாற்றிவிடுங்கள்.

எங்கள் சங்கம் தினமும் சாப்பாடு கொடுக்க நினைக்கிறது. அரசுப் பணம் எங்கிருந்து வரும்?

முதலில் கணக்கைப் பாருங்கள். நாற்பது பேர், வாரத்தில் ஐந்து நாள், ஒரு வேளை என்று வைத்துக்கொள்வோம். அரிசி, காய், பருப்பு, முட்டை அல்லது மீன், கேஸ், பெட்டி, வண்டிக்கு எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலத்துக்கு 6 வெள்ளி. மாதம் 22 நாளுக்கு 5,280 வெள்ளி. ஆண்டுக்கு 63,360 வெள்ளி. இதில் சமையல்காரர் சம்பளம் இல்லை, தொண்டர்கள் இலவசமாக வருகிறார்கள் என்று வைத்த கணக்கு. தொண்டர்களுக்கும் வயதாகிறது. ஒருநாள் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு சமையல்காரருக்காவது சம்பளம் எழுதாத திட்டம் இரண்டாம் ஆண்டில் தள்ளாடும்.

இப்போது பணம் வரும் வழிகள். சமூகநல இலாகாவில் தொண்டு அமைப்புகளுக்கான மானியம் உண்டு. சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருக்கவேண்டும், தணிக்கை செய்த கணக்கு இருக்கவேண்டும், கூட்டக் குறிப்புகள் ஒழுங்காக இருக்கவேண்டும். நம் சங்கங்கள் பல இங்கேதான் தடுக்கி விழுகின்றன. பத்து ஆண்டாக அருமையான சேவை செய்திருப்பார்கள், ரசீதெல்லாம் பிஸ்கட் டின்னில் கிடக்கும். ஒரு கணக்காளரைப் பிடித்து அதை ஒழுங்குபடுத்துவதுதான் முதல் வேலை. சமையல் பாத்திரம் வாங்குவது அதற்கு அப்புறம்.

நாடாளுமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் தொகுதி ஒதுக்கீடு இருக்கும். பெரும்பாலும் அது ஒருமுறை வரும் பணம். அதை மாதச் செலவுக்கு நம்பவேண்டாம். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சூடு தாங்கும் பெட்டிகள் போன்றவற்றுக்குக் கேளுங்கள், அந்தப் பணத்துக்கு அதுதான் பொருத்தம்.

மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள். கவனம் பெரும்பாலும் கல்வி, தொழில் பக்கம்தான் என்றாலும், ரத்தச் சுத்திகரிப்புச் செலவுக்கும் உதவியிருக்கிறது. முதியோர் உணவையும் அந்தச் சமூகநலப் பக்கத்தில் வைத்துக் கேட்பதில் தவறில்லை. பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் இருக்கிறது, 1906ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அங்கேயும் ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள்.

இன்னொரு வழி, அரசு நேராகக் கொடுக்காமல் வரியில் விட்டுக்கொடுப்பது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கு நன்கொடை கொடுப்பவர், அதைத் தன் வருமானக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், வருமானத்தின் 10 சதவீதம்வரை. நிறுவனங்களிடம் கேட்கும்போது அவர்கள் முதலில் கேட்பதே இந்த அங்கீகாரத்தைத்தான்.

மிஞ்சிய உணவையும் காய்கறியையும் கொடுக்கச் சந்தைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் பயந்தால் 2020ஆம் ஆண்டின் உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுங்கள். நல்லெண்ணத்தோடு, பாதுகாப்பான நிலையில் கொடுத்தவரை அது காக்கிறது.

சமையலறைக்கு என்ன விதிமுறைகள்?

சமைப்பவர், பரிமாறுபவர் எல்லாரும் உணவு கையாளுபவர்களுக்கான பயிற்சியை முடித்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்கவேண்டும். 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் சொல்வது இது. கோவில் அடுப்பு என்பதற்காக அலட்சியம் வேண்டாம், வயதானவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. சமைத்த சாப்பாடு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பதினொரு மணிக்குக் கட்டிய பொட்டலம் ஒரு மணிக்குள் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.

என்ன சமைப்பது? எல்லாருக்கும் ஒரே சாப்பாடு சரிப்படுமா?

சரிப்படாது. 2018இல் சுகாதார அமைச்சு முதியவர்களைப் பற்றி எடுத்த தேசிய ஆய்வில் 7.3 சதவீதம் பேர் ஊட்டச்சத்துக் குறைவோடு இருந்தார்கள், மேலும் 23.5 சதவீதம் பேர் அந்த நிலைக்குப் போகும் அபாயத்தில் இருந்தார்கள். கூடவே நான்கில் ஒருவருக்கு மேல் நீரிழிவு, பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம். ஒரே ஆளுக்குச் சத்தும் போதவில்லை, சர்க்கரையும் கூடுதல். சோற்றை மலைபோல் வைத்து மேலே சாம்பாரை ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

சோற்றைக் குறைத்துப் பருப்பு, முட்டை, மீன், தாஹு (டோஃபு), கீரையைக் கூட்டுங்கள். உப்பைக் குறைக்கப் புளியும் எலுமிச்சையும் கைகொடுக்கும். பல் இல்லாதவர்களுக்குக் காயை இன்னும் ஐந்து நிமிடம் வேகவைத்து மசித்துவிடவேண்டும். நாங்கள் மூடியில் பச்சைக் கோடு போட்டால் சர்க்கரைக்காரர், சிவப்புக் கோடு போட்டால் மெல்ல முடியாதவர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் நாமாக முடிவு செய்யவேண்டாம். வாழைப்பழம், இளநீர், கீரை போன்று நாம் நல்லது என்று நினைப்பவையே அவர்களுக்குக் கெடுதலாகலாம். மருத்துவமனை உணவு ஆலோசகரைக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

கோவில்களில் அன்னதானம் நடக்கிறதே, பிறகு எதற்கு அரசுப் பணம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனதுக்காரர்கள், கோவிலுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் போய்ப் பாருங்கள். பந்தலுக்குப் பந்தல் சாப்பாடு, மோர், பழம். மனிதன் பசியோடு திரும்பவே முடியாது. வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, புரட்டாசி சனி, குடும்பத்தில் திதி என்று ஆண்டு முழுவதும் அன்னதானம் நடக்கிறது. ஆனால் அது கொடுப்பவரின் நாளில் நடக்கிறது. சாதாரண செவ்வாய்க்கிழமை மழையில், ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் ஒரு தாத்தாவுக்குச் சாப்பாடு வேண்டும் என்றால் அதற்கு மாதாமாதம் வரும் பணமும் பொறுப்புள்ள ஒரு ஆளும் வேண்டும். கோவிலுக்கு வர முடிந்தவருக்கு அன்னதானம் எட்டுகிறது, கட்டிலைவிட்டு இறங்க முடியாதவருக்கு எட்டுவதில்லை.

இன்னொன்று, கொடுக்கும் குடும்பங்கள் உள்ள ஊரில் அன்னதானம் செழிக்கும். தோட்டம் மூடி, இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட தென் செபராங் பிறைக் கிராமத்தில் முதியவர்கள் அதிகம், கொடுப்பவர்கள் குறைவு. தேவை உள்ள இடத்துக்குப் பணத்தைக் கொண்டுபோகும் கடமை அரசுக்கு இருக்கிறது. அந்தப் பெரியவர்கள் சீவிய பால்மரத்திலும் போட்ட தண்டவாளத்திலும் இந்த நாடு வளர்ந்திருக்கிறது.

நமக்கு இது புதிய யோசனையும் கிடையாது. தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதியம் பெறுபவர்களையும் அதில் சேர்த்தார்கள். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த அடுப்பில் தாத்தா பாட்டிக்கும் சோறு வெந்தது. 2013இல் சென்னையில் வந்த அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளையும் பாவே மையங்களையும் அப்படிப் பயன்படுத்த முடியாதா என்று நான் பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இதை எப்போது, யாரிடம் கேட்பது?

கூட்டரசு பட்ஜெட் அக்டோபர் வாக்கில் தாக்கலாகிறது, மாநில பட்ஜெட் நவம்பர் வாக்கில். நவம்பரில் கடிதம் எழுதினால் காலம் கடந்துவிடும். ஆண்டின் நடுவிலேயே நிதியமைச்சு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது, அப்போது எழுதுங்கள். எழுதும்போது ‘முதியோருக்கு உதவவும்’ என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தாமான், எத்தனை பேர், ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு, யார் சமைப்பார்கள் என்று ஒரே பக்கத்தில் கணக்கோடு கொடுங்கள். நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2030க்குள் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதம் ஆகிவிடுவார்கள் என்பது அரசே சொல்லும் கணிப்பு. முதியோர் விகிதம் கூடுதலாக உள்ள மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. இதையும் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.

விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டால்?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விட்டுப்போன ஆவணத்தைச் சேர்த்து மேல்முறையீடு செய்யுங்கள். நிலைமை மாறினால், உதாரணமாக மகனுக்கு வேலை போனாலோ கணவர் இறந்தாலோ, மறுபடியும் புதிதாக விண்ணப்பிக்கலாம். வந்துகொண்டிருந்த பணம் நின்றாலும் பேசாமல் இருந்துவிடாதீர்கள், வங்கிக் கணக்கு முடங்கியது போன்ற சின்னக் காரணமாகக்கூட இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக நான் தகவல் கொடுக்கலாமா? உறவு இல்லையே.

தாராளமாக. தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பெயர், முகவரி, அவர் நிலை மூன்றையும் சொன்னால் அந்த மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் போகும். அழைத்த தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் யாரும் வரவில்லை என்றால் மறுபடியும் அழையுங்கள். பாட்டியிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடீரென்று அதிகாரி கதவைத் தட்டினால் பயந்துபோவார். அதிகாரி வரும்வரை உங்கள் வீட்டுக் குழம்பில் ஒரு கிண்ணம் அவருக்கும் போகட்டும்.